பிரித்து வைத்த பேப்பர்

பேப்பர் கட்டின் மேலுறையைப் பிரிப்பதைப் பற்றி, மெஷினை ஓட்டச் சொல்லிக்கொடுத்த அந்த மதுரைத் தம்பி ஏதோ ஒன்று சொன்னான். அம்புக்குறி போட்ட பக்கம் மேலே வரவேண்டும் என்றான், அது நினைவிருக்கிறது. பேப்பர் கட்டைத் தரையில் வைக்காதீங்க மேடம், சுவரோடு ஒட்டி அடுக்காதீங்க மேடம், ட்ரேயில் சிவப்புக் கோட்டைத் தாண்டி நிரப்பாதீங்க மேடம். எல்லாம் மனப்பாட வசனம் மாதிரி வரிசையாக வருகிறது. "அப்புறம் இந்த மேலுறையை" என்று ஆரம்பித்தானே, அதற்கு மேல் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. அந்த நேரம் பார்த்து நான் ஜன்னலுக்கு வெளியே குவார்ட்டர்ஸ் கதவுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாழ்ப்பாளில் பெயிண்ட் படாமல் இருக்கப் பெயிண்டர் அதில் கந்தல் துணியைச் சுற்றியிருந்தான். தாழ்ப்பாள் கதவின் உள்பக்கம் இருந்தது. அதைத்தான் பார்த்தேன். முக்கியமான விஷயமாக இருந்தால் மறந்திருப்பேனா? மறந்திருப்பாய் எப்சிபா, உனக்கு முக்கியமானதுதான் மறக்கும், அடுத்த வீட்டுக்காரி என்ன சேலை கட்டினாள் என்பது மறக்காது. போகட்டும். பேப்பர் நல்ல பேப்பர். வழவழவென்று, வெள்ளையாக, ஓரம் மடங்காமல். நேற்றுச் சாயங்காலமே கட்டைப் பிரித்து இந்த மெஷின் அறையில், ஏ.சி. காற்று நேராக விழுகிற மேஜையில், பரப்பி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். ஏ.சி. விடிய விடிய ஓடியிருக்கிறது, மூலையில் ஈரத்தை உறிஞ்சுகிற பெட்டியும் ஓடியிருக்கிறது. வெளியே பாளையங்கோட்டை முழுக்கக் கார்த்திகை மழை நசநசத்துக்கொண்டிருக்க, இந்தப் பேப்பர் மட்டும் அப்பளம் போலக் காய்ந்து கிடக்கிறது. தொட்டால் சரசரக்கிறது. இதைவிடக் கவனமாக யாரும் செய்திருக்க முடியாது. பிறகு ஏன் அந்தப் பாதி வாக்கியம் செருப்புக்குள் போன கல் மாதிரி உறுத்துகிறது என்று தெரியவில்லை.

பத்து மணிக்குத் தனசிங் பிரதர் வந்துவிடுவார். எங்கள் ஜெப மன்றத்தின் செயலாளர் அவர். மாதாமாதம் இங்கிருந்துதான் ஊர் ஊராக ஜெபக் கடிதம் போகிறது, யார் யாரோ எங்கெங்கோ காத்திருந்து வாங்கிப் படிக்கிறார்கள். இத்தனை வருஷமும் ஹாலில் நீள மேஜையில் உட்கார்ந்து கையால்தான் மடித்தோம். கவரில் இருக்கும் பேரைப் பார்த்து, அந்தப் பேரைச் சொல்லி ஒரு வரி ஜெபம் செய்து, பிறகுதான் கடிதத்தை உள்ளே வைத்து ஒட்டவேண்டும். அது இங்கே வழக்கம். சாயர்புரம் ஆபிரகாமுக்குச் சுகம் தாரும் ஆண்டவரே, ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு, பசை. இந்த மெஷினுக்கு ஜெபம் கிடையாது. அச்சடிக்கிறது, மூன்றாக மடிக்கிறது, கவருக்குள் தள்ளி ஒட்டித் துப்புகிறது. ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள் என்று கம்பெனிக்காரர்கள் இறக்கிவிட்டுப் போனார்கள். அதற்குள் இரண்டு தடவை மக்கர் பண்ணிவிட்டது. இன்றைக்குக் கடைசி நாள். நிற்காமல் ஓடினால் மன்றம் மெஷினை வாங்கிக்கொள்ளும், பிளஸ் டூ வரை படித்த நான் நிரந்தர ஆப்பரேட்டர் ஆவேன், குவார்ட்டர்ஸில் அந்தப் பச்சைக் கதவு அறையின் சாவி எனக்கு. ஹாலில் மடிக்கிற ஐந்து பேருக்கும் அடுத்த மாதத்திலிருந்து வேலை இல்லை. நின்றுபோனால் மெஷின் மதுரைக்குத் திரும்பும், அவர்கள் இருப்பார்கள், நானும் பழைய இடத்தில் போய் உட்கார்ந்து பசை தடவுவேன். இவ்வளவுதான் கணக்கு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே நேற்று முழுக்க யோசித்தேன், இப்போதும் யோசிக்கிறேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர்கள் ஐந்து பேரும் பசைக் கிண்ணம் இல்லாத வெறும் மேஜையில் கையைக் கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். இன்று அவர்களுக்கு வேலை கொடுக்கவில்லை. கை சும்மா இருப்பது அவர்களுக்குப் பழக்கமில்லை, பார்க்கவே என்னவோபோல் இருக்கிறது. ஜெபக்கனி அக்கா மட்டும் என்னை நேராகப் பார்க்கிறாள். நான் பேப்பரைப் பார்க்கிறேன்.

அக்கா நேற்று ஸ்டோர் ரூமுக்குள் என் பின்னாலேயே வந்தாள். அங்கே இரண்டு இடத்தில் பேப்பர் இருக்கிறது. ஜன்னல் சுவரோரம் கீழ்த்தட்டில் பழைய கட்டுகள், மழைச் சாரல் அடித்து மேலுறை நைந்து, பேப்பர் ஓரம் அலை அலையாக நெளிந்தவை. முந்தைய இரண்டு தடவையும் மெஷினை நிறுத்தியது அந்தக் கட்டுகள்தான். பிறகு புதுக் கட்டுகள் வந்தன, அவற்றை மரப்பலகை போட்டு நடு அறையில் அடுக்கியிருக்கிறேன். அக்கா கதவைச் சாத்தினாள். "ஏட்டி எப்சி, நாளைக்குக் கீழ்த்தட்டுல கெடக்கதுல ஒரு கட்டு எடுத்துப் போட்டுரு. ஒன்னய ஒருத்தரும் கேக்க மாட்டாவ. மழைன்னு சொல்லிருவாவ" என்றாள். "எனக்காவக் கேக்கல. எனக்கு இன்னும் எத்தன வருசம் மடிக்க முடியும்? அந்த நாலு பேரையும் நெனச்சுப் பாரு. இத விட்டா அவளுவளுக்குப் பீடி சுத்துத வேலதான். அந்தப் பொகையிலத் தூசிக்கு நெஞ்சு தாங்காதுட்டி" என்றாள். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தாள். அந்தக் கையை நான் எப்படி உதறுவது? தூத்துக்குடியில் என்னைக் கட்டினவன் வீட்டைவிட்டு ஒரு பையோடு நான் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது, ஏது எவடம் என்று கேட்காமல் இந்த மன்றத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து பிரதர் முன்னால் நிறுத்தியவள். முதல் சம்பளம் வருகிற வரைக்கும் தன் சோற்று டப்பாவைப் பாதி பாதியாகப் பிரித்தவள், அதிலும் பெரிய மீன் என் பக்கம். "பாப்போம்க்கா" என்றேன். பாப்போம் என்றால் என்ன அர்த்தம்? மாட்டேன் என்று சொல்லத் துணிச்சல் இல்லாதவள் சொல்கிற வார்த்தை அது. அக்கா அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள், முகம் அப்படியே மலர்ந்துவிட்டது, கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். அவள் போன பிறகு நான் நடு அறைக்குப் போனேன். அடுக்கில் இருந்ததிலேயே நல்ல கட்டு எது என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். மேலுறை கிழியாதது, மூலை நசுங்காதது, அடியில் இல்லாதது. மாப்பிள்ளை பார்க்கிறவள்கூட இப்படிப் பார்த்திருக்கமாட்டாள். எனக்கு அந்தப் புத்தி அப்போது இருந்திருந்தால் தூத்துக்குடியே போயிருக்கமாட்டேன்.

எனக்கு அந்த அறை வேண்டும். சுற்றி வளைத்துச் சொல்வானேன், வேண்டும். அண்ணன் வீட்டில் அடுப்படியில் படுக்கிறேன். மதினி கெட்டவள் இல்லை, ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. ஆனால் ராத்திரி தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் எல்லாரும் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும். லைட்டைப் போட்டதும் நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடப்பேன். சேலை விலகியிருக்கிறதா என்று கையை அசைக்காமல் யோசிப்பேன். அண்ணன் தலையைத் திருப்பிக்கொண்டு பானையைத் தேடுவது சத்தத்திலேயே தெரியும், பாவம், அவனுக்கும் கூச்சம். விடிகாலையில் மதினி பால் காய்ச்ச வந்து, "நீ படுத்துக்க, நான் ஓரமா நின்னுக்கிடுதேன்" என்பாள். அடுப்படியில் ஓரம் ஏது? பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து வாசலில் போய் உட்காருவேன். அழ வேண்டும் என்றால்கூடக் குளியலறைக்குத்தான் போகவேண்டும், அதுவும் யாராவது வெளியே வாளியோடு நிற்காதபோது. பச்சைக் கதவு அறையில் ஒரு கட்டிலுக்குத்தான் இடம் இருக்கிறது. எனக்குக் கட்டில்கூட வேண்டாம். உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, லைட்டை எரியவிட்டுக்கொண்டு, எப்படி வேண்டுமோ அப்படிக் கிடக்கவேண்டும். கையைக் காலை விரித்து. வாயைப் பிளந்து. யார் கேட்பது? இதற்கு ஆசைப்படுவது பாவமா? அந்த நாலு பேருக்கும் கதவு இருக்கிறது, புருஷன் இருக்கிறான், ஜெபக்கனி அக்காவுக்கு மகன் கட்டின மாடி வீடு இருக்கிறது. இந்த மன்றத்தில் ஒருத்திக்குக் கதவு இல்லை என்றால் அது எனக்குத்தான். இப்படி நான் சொல்லிக்கொள்வது சரியாகத்தான் இருக்கிறது. சரியாக இருக்கிற காரணத்தினாலேயே திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது.

எட்டரை மணிக்கு வந்ததிலிருந்து விசிறிக்கொண்டிருக்கிறேன். பேப்பரை ஒரு கைப்பிடி எடுத்து, ஒரு ஓரத்தை இறுக்கிப் பிடித்து, மறு ஓரத்தைக் கட்டைவிரலால் விட்டு விட்டு விசிறவேண்டும், தாளுக்கும் தாளுக்கும் நடுவில் காற்றுப் போகும், ஒட்டாது. ஒரு தடவை விசிறினால் போதும் என்றுதான் அந்தத் தம்பி செய்து காட்டினான். எனக்கு ஒரு தடவை போதவில்லை. விசிறித் தட்டி மேஜையில் நேராக்கி வைக்கிறேன், வைத்த உடனே சந்தேகம் வருகிறது, மறுபடி எடுத்து விசிறுகிறேன். பர்ர்ர் என்று சத்தம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்காது, ஆனால் கை போகிற வேகம் தெரியும். அக்கா பார்க்கிறாள். என்ன நினைப்பாள்? நைந்த பேப்பரைத்தான் ஏதோ செய்கிறேன் என்று நினைப்பாளா? நினைக்கட்டும். கையில் ரோமம் சிலிர்த்து நிற்கிறது. ஏ.சி. குளிராக இருக்கும். மெஷினின் இரும்பு மூடியைத் தொட்டேன், சுருக்கென்று விரலில் குத்தியது. வயர் எதுவும் அறுந்திருக்கிறதோ என்று குனிந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை. மறுபடி விசிறினேன், மறுபடி தொட்டேன், மறுபடி சுருக்கென்றது. மனசாட்சி விரல் நுனியில் வந்து கடிக்கிறது போலிருக்கிறது, கடிக்கட்டும். நான் கட்டியிருப்பது சிந்தெடிக் சேலை, அதுவும் காலோடு காலாக ஒட்டிக்கொண்டு வருகிறது, உதறிவிட்டால் திரும்ப ஒட்டுகிறது. பள்ளிக்கூடத்தில், எட்டாம் வகுப்பில், சீப்பைத் தலையில் பரபரவென்று தேய்த்துப் பேப்பர்த் துண்டுகளுக்கு மேலே பிடிப்போம். துண்டுகள் எழும்பி வந்து சீப்பில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் வைத்த தலைக்கு வராது, வியர்த்த தலைக்கும் வராது. எனக்குத் தலை எப்போதும் வறண்ட தலை, அம்மா இல்லாத பிள்ளை, யார் எண்ணெய் வைப்பது? அதனால் எல்லாப் பிள்ளைகளும் என் தலைக்குத்தான் சீப்போடு வரும். எப்சி தலையில காந்தம் இருக்கு என்பார்கள். அதில் எனக்கு ஒரே பெருமை. இந்த நேரத்தில் அது எதற்கு நினைவுக்கு வருகிறது? எட்டாம் வகுப்பு நினைப்பை விட்டுவிட்டு மதுரைத் தம்பி சொன்னதை நினைத்துப் பார்த்தால் பிரயோஜனம். அப்புறம் இந்த மேலுறையை. அப்புறம் இந்த மேலுறையை. பச்சைப் பெயிண்டுக்கு மேல் போகமாட்டேன் என்கிறது.

கதவு திறக்கிறது. பிரதர். குடையை வெளியே சாய்த்துவிட்டு, நனைந்த செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு உள்ளே வருகிறார். நல்ல மனுஷன், யாரையும் வேலையைவிட்டு அனுப்புவதில் அவருக்குச் சந்தோஷம் இல்லை. மேலே இருக்கிற கமிட்டிக்காரர்கள் மெஷின் மெஷின் என்று பிடுங்குகிறார்கள். "ரெடியா சிஸ்டர்? பேப்பர் நல்லா இருக்கா?" என்கிறார். "புதுக் கட்டு பிரதர். நேத்தே எடுத்து வச்சிட்டேன்." "ஈரம் கீரம் இல்லையே?" "கொஞ்சங்கூட இல்ல பிரதர், தொட்டுப் பாருங்க." தொட்டுப் பார்க்கிறார். திருப்தியாகத் தலையாட்டுகிறார். சொல்லிவிட்டேன். வாயால் சொல்லியாகிவிட்டது. புதுக் கட்டு, நேற்றே எடுத்து வைத்துவிட்டேன். அக்கா கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள், அவளுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. பிரதர் கண்ணை மூடிச் சின்னதாக ஜெபம் பண்ணுகிறார், நானும் கண்ணை மூடுகிறேன், ஆனால் என்ன கேட்பது? ஓடவேண்டும் என்று கேட்டால் அந்த நாலு பேரின் நெஞ்சுக்கு எதிராகக் கேட்கவேண்டும், நிற்கவேண்டும் என்று கேட்க எனக்கு மனசு இல்லை. இரண்டும் கேட்காமல் கண்ணை மட்டும் மூடிக்கொண்டு நின்றேன், பரீட்சையில் விடை தெரியாமல் பேனாவைக் கடிக்கிற மாதிரி. ஆமென் என்றார். ட்ரேயை இழுத்தேன். அம்புக்குறி மேலே. சிவப்புக் கோட்டுக்குக் கீழே. ஓரப் பலகையைப் பேப்பரோடு ஒட்டி நகர்த்தினேன், இறுக்காமல், தளர்த்தாமல். மூடினேன். பச்சைப் பொத்தானை அழுத்தினேன், அதற்கும் அதே பச்சை.

ஓடுகிறது. முதலில் ஒரு உறுமல், பிறகு சளக் சளக் என்று பேப்பர் இழுபடுகிற சத்தம், பிறகு மடிப்பு உருளைகளின் கிறுகிறுப்பு, கடைசியில் கவர் வந்து விழுகிற மெத்தென்ற சத்தம். விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று. எந்தக் கவருக்கு எந்தப் பேர் என்று நான் பார்க்கவில்லை, பார்த்தால் வாய் தானாக ஜெபம் பண்ணத் தொடங்கிவிடும், பழக்கதோஷம். பிரதர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்க்கிறார். ஓடு. ஓடு என் ராசாத்தி. சளக், சளக். இந்தச் சத்தம் இப்படியே போனால் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும், சாயங்காலம் சாவி. மதினியிடம் எப்படிச் சொல்வது? சந்தோஷமாகச் சொல்லக்கூடாது, அவள் மனசு சங்கடப்படும். வருத்தமாகச் சொன்னால் நடிப்பு தெரிந்துவிடும். பாயை எடுத்துக்கொள்ளலாம், தலையணை அவர்களுடையது. கொக்கியில் சேலையைத் தொங்கவிடலாம். அப்புறம் ஜெபக்கனி அக்கா கடைசி நாள் மேஜையைத் துடைத்துவிட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அந்தப் பச்சைக் கதவைத் தாண்டித்தானே கேட்டுக்குப் போகவேண்டும்? அப்போது நான் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருப்பேனா, வெளியே வந்து நிற்பேனா? வந்து நின்றால் என்ன சொல்வேன்? கீழ்த்தட்டுக் கட்டத்தான் போட்டேன்க்கா, மெஷின் எப்படியோ ஓடிட்டுது என்று பொய் சொல்லலாம். அவள் நம்புவாள். என்னை அவள் எப்போதும் நம்புகிறாள், அதுதான் தொந்தரவு. சளக், சளக். சத்தம் மாறியது. சளக் என்பது ச்சளளக் என்று இழுத்தது. நின்றது. சிவப்பு விளக்கு. மூடியைத் திறந்தேன், விரலில் சுருக்கென்றது. இரண்டு தாள் ஒன்றாகப் போய் நிற்கிறது, ஒன்றன்மேல் ஒன்று, உடன்பிறந்த மாதிரி. உரித்து எடுத்தேன். பிரிய மனசில்லாமல் பிரிந்தது. "பரவால்ல சிஸ்டர், ஒண்ணு ரெண்டு அப்படித்தான்" என்றார் பிரதர். மறுபடி அழுத்தினேன்.

மறுபடி நின்றது. இந்தத் தடவை மூன்று. எடுத்தேன், ட்ரேயை வெளியே இழுத்தேன், இருக்கிற பேப்பர் முழுவதையும் அள்ளி விசிறினேன், கை வலிக்க வலிக்க விசிறினேன், பிரதர் பக்கத்தில் நிற்கிறார் என்ற நினைப்புகூட இல்லாமல் விசிறினேன். தாள்கள் பிரிந்து பறந்து திரும்பி வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, ஒரு தாள் என் சேலை மடிப்பில் வந்து ஒட்டியது, தட்டிவிட்டால் கையில் ஒட்டியது. ஈரமே இல்லையே! எப்படி ஒட்டும்? ஈரமே இல்லாத பேப்பர் எப்படி ஒட்டும்? திரும்ப ஏற்றினேன். ஆண்டவரே என்று இப்போது கேட்டேன், ஓடட்டும் என்று வாய்விட்டுக் கேட்டேன், நாலு பேர் நெஞ்சும் எனக்கு நினைவில்லை, வெட்கமில்லாமல் எனக்காகக் கேட்டேன். பொத்தானை அழுத்தினேன். கொஞ்சம் ஓடியது. நன்றாகத்தான் ஓடியது. பிறகு உள்ளே எங்கோ கரகரவென்று நொறுங்குகிற சத்தம், மடிப்பு உருளைக்குள் ஒரு கொத்துத் தாள் கசங்கி இறுகிப்போயிற்று, கரிந்த ரப்பர் வாடை அடித்தது, எல்லா விளக்கும் சேர்ந்து எரிந்தது. சீப்பு. வறண்ட தலை. பரபரவென்று தேய்க்கிற பிள்ளைகள். எண்ணெய்த் தலைக்கு வராது, வியர்த்த தலைக்கு வராது. அப்போதுதான் அந்த மறு பாதி பச்சைப் பெயிண்டைத் தாண்டி வந்து நின்றது, அந்தத் தம்பியின் குரலிலேயே. "அப்புறம் இந்த மேலுறையை ஏத்துறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடிதான் மேடம் பிரிக்கணும், முன்னாலயே பிரிச்சு ஏ.சி.யில போட்டுறாதீங்க, ஈரமா இருந்தாலும் ஒட்டும், ரொம்பக் காஞ்சாலும் ஒட்டும், அதுலயும் போட்டு ரொம்ப விசிறுனீங்கன்னா கரண்டு ஏறிக்கும்." இவ்வளவுதான் அவன் சொன்னது. நேற்று அந்தக் கட்டைச் சும்மா மேலுறையோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் போதும். எவளோ ஏனோதானோ என்று வேலை செய்கிறவள் இன்று காலையில் பிரித்து, ஒரு விசிறு விசிறி, அப்படியே ஏற்றியிருப்பாள். ஓடியிருக்கும்.

பிரதர் பிளக்கைப் பிடுங்கினார். மெஷின் அடங்கியதும் வெளியே மழைச் சத்தம் கேட்டது. அவர் என்னைத் திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க என்ன செய்வீங்க சிஸ்டர், புதுக் கட்டு போட்டும் இப்படின்னா நம்ம ஊரு மழைக்கு இது தாங்காது. கம்பெனிக்குப் போன் பண்ணி எடுத்துட்டுப் போகச் சொல்லிருதேன். நாளைலேருந்து கையாலயே மடிப்போம்" என்றார். குரலில் ஒரு நிம்மதி இருந்தது, அவருக்கே தெரியாமல். பிரதர், மழை இல்லை, நான்தான், இன்னொரு கட்டு பிரித்து உடனே ஏற்றினால் ஓடும் என்று சொல்ல வாய் திறந்தேன். ஓடும், அதை ரிப்பேர் பண்ண ஆள் வந்தால் நாளைக்கே ஓடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐந்து பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்தியிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன். நல்ல எண்ணத்தில் மூடினேனா, என் முட்டாள்தனம் வெளியே தெரிந்துவிடும் என்று மூடினேனா, சத்தியமாக எனக்கே தெரியாது. பிரதர் குடையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். உருளைக்குள் சிக்கின தாள்களைத் துண்டு துண்டாக நான் பிய்த்து எடுத்தேன்.

ஜெபக்கனி அக்கா உள்ளே வந்தாள். இந்த அறைக்குள் அவள் வந்ததே இல்லை, ஏ.சி. ஒத்துக்கொள்ளாது. வந்தவள் கதவைச் சாத்திவிட்டு என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பசை வாசம். "பாத்துக்கிட்டே இருந்தேம்ட்டி. விசிறுத மாதிரி விசிறி விசிறி என்னத்தயோ செஞ்ச. எனக்கு வெளங்கல, ஆனா செய்தன்னு தெரிஞ்சுது" என்றாள். "அக்கா, அது இல்ல" என்றேன். "பேசாத. ஒரு வார்த்த பேசாத. அந்த ரூம் ஒனக்கு எவ்வளவு வேணும்னு எனக்குத் தெரியாதா? நான் கேட்டது தப்புன்னு ராத்திரி பூரா ஒறங்கல. கெடக்க எடமில்லாத பிள்ளகிட்டப் போயி கேட்டுட்டமேன்னு. ஆனாலும் நீ செஞ்சுட்ட" என்றாள். அவள் கண்ணிலிருந்து வடிந்தது, துடைக்கவில்லை. அக்கா, நான் நல்ல கட்டைத்தான் தேடி எடுத்தேன், தடவித் தடவி எடுத்தேன், ஓடவேண்டும் என்று கடைசியில் கெஞ்சினேன். இதைச் சொல்லிவிடத்தான் அவள் கையைப் பிடித்தேன். அவள் அதற்குள் என் தலையில் கையை வைத்துவிட்டாள். சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். மெஷினோடு ஒட்டி நின்றிருந்த எனக்கு நகர இடமில்லை. "கர்த்தாவே, எப்சிபாவுக்காக ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தாள், மேஜையில் கவரைக் கையில் வைத்துக்கொண்டு பேர் சொல்லிச் சொல்கிற அதே குரல். "தனக்குன்னு வச்சிருந்த ஒண்ணையும் எங்களுக்காக விட்டுக்குடுத்தா இந்தப் பிள்ள. அவ கேக்காதத நீர் அவளுக்குக் குடும். ஒரு கதவு குடும் ஆண்டவரே." அவள் உள்ளங்கை உச்சந்தலையில் சூடாக இருந்தது. இந்தக் குளிரில் இப்படி ஒரு சூடு. ஆயிரம் பேருக்கு இவள் இப்படி ஜெபம் பண்ணி நான் கேட்டிருக்கிறேன், எனக்கென்று என் பேரைச் சொல்லி ஒருத்தர் கேட்பது இதுதான் முதல் தடவை. அது வேறு யாருக்கோ போகவேண்டிய கடிதம் தப்பி என் கவருக்குள் வந்த மாதிரி இருந்தது. திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று தெரியும். அவள் முடித்துவிட்டுக் காத்திருந்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. நான், "ஆமென்" என்றேன்.